எல்லாரிடமும் கேட்பது எப்படி: கேஷுவாலிட்டியில் எச்.ஐ.வி. விரைவுப் பரிசோதனை

மேலூர்ப் பக்கம் நாலுவழிச் சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அங்கே வருகிற பெரியவர்கள் எல்லாரிடமும் "எச்.ஐ.வி. டெஸ்ட் பார்த்துக்கொள்கிறீர்களா" என்று கேட்கும் வழக்கத்தை எங்கள் ஷிப்டில் கொண்டுவந்தோம். முதல் சில மாதம் தப்பும் தவறுமாகத்தான் நடந்தது, பிறகுதான் ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று சுற்று ஊர் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் தோழிகள் இதை எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். எல்லாரும் முதலில் கேட்பது எந்தக் கிட் நல்லது என்று. கிட் இதில் ஆகச் சுலபமான பகுதி, ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். எப்படிக் கேட்பது, கிட்டில் கோடு விழுந்த பிறகு, அதாவது தொற்று இருக்கலாம் என்று அது காட்டிய பிறகு, அந்த மனிதரைக் கைநழுவ விடாமல் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் வரை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இந்த இரண்டுக்கும்தான் உழைப்பு வேண்டும்.

கேஷுவாலிட்டியில் எதற்கு என்று முதல் நாளே டாக்டர்கள் கேட்பார்கள், அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் அரசு நம்பிக்கை மையத்துக்குத் தானாக நடந்து போகிறவர் ஏற்கெனவே தன் மேல் சந்தேகம் உள்ளவர். சந்தேகமே இல்லாதவர் எங்கே வருவார்? கொட்டாம்பட்டிப் பக்கம் பைக்கில் விழுந்து இங்கே வருவார், நடவு வயலில் மயங்கி விழுந்து வருவார், மூன்று வாரமாகக் காய்ச்சல் விடவில்லை என்று ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோவில் வருவார். அப்படி வந்தவர்களுக்கு நாங்கள் டிரிப் போட்டு, ஊசி போட்டு அனுப்பியிருக்கிறோம். சின்ன வயதில் அக்கி வந்தவர், வாய்க்குள் வெள்ளை படிந்தவர், மாசக்கணக்கில் வயிற்றுப்போக்கோடு எடை குறைந்துகொண்டே போனவர் என்று ஒரே ஆள் மூன்று நான்கு தடவை வந்து போயிருப்பார். எல்லாமே எச்.ஐ.வி.யாக இருக்கலாம் என்று காட்டும் அறிகுறிகள், ஆனால் ஒரு தடவைகூட யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

எனக்கு இது மனதில் தைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த ஒருவருக்கு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, மற்ற ரத்தப் பரிசோதனையோடு சேர்த்து எச்.ஐ.வி.யும் பார்த்துவிட்டார்கள். பில் கட்ட வந்த அவருடைய மச்சான் கையில் எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நோயாளிக்குத் தெரிவதற்கு முன் அவர் மனைவியின் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. ஆபரேஷனும் நடக்கவில்லை, அவர் எங்கும் சிகிச்சைக்கும் போகவில்லை, ஊரைவிட்டே போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்து டி.பி.யோடு, தூக்கிக்கொண்டு வரும் நிலையில் வந்தார். கேட்டு, சொல்லி, கையைப் பிடித்து அனுப்பியிருந்தால் அன்றைக்கே மாத்திரை தொடங்கியிருப்பார். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்தக் கவரை நினைத்துக்கொண்டு நாங்கள் யோசித்து வைத்தது.

எல்லாரிடமும் கேட்பது என்றால் என்ன

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006-ல் ஒரு பரிந்துரை வெளியிட்டது: 13 வயது முதல் 64 வயது வரை, கேஷுவாலிட்டி உட்பட எந்த மருத்துவப் பிரிவுக்கு வந்தாலும், ஆபத்து இருக்கிறதா என்று துருவாமல், வழக்கமான பரிசோதனையாக எச்.ஐ.வி.யும் பார்க்கலாம், வேண்டாம் என்று சொல்கிறவருக்கு மட்டும் விட்டுவிடலாம் என்று. இங்கிலாந்திலும் 2022 ஏப்ரல் முதல், எச்.ஐ.வி. அதிகம் உள்ள லண்டன் போன்ற பகுதிகளின் அவசரப் பிரிவுகளில் எப்படியும் எடுக்கிற ரத்தத்திலேயே இதையும் பார்க்கிறார்கள். இதைப் படித்துவிட்டு, நம் ஊரிலும் சுவரில் ஒரு போர்டு மாட்டிவிட்டு எல்லாருக்கும் பார்த்துவிடலாமே என்று ஒரு டாக்டர் ஆர்வமாகச் சொன்னார். முடியாது. நம்முடைய எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. விஷயத்தை விளக்கி, சம்மதம் வாங்கி, பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை சொல்லித்தான் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. ரத்த வங்கியில் வடிகட்டுவது, கோர்ட் உத்தரவு போன்ற சில இடங்களுக்குத்தான் விலக்கு. டெஸ்ட் பார்த்தால்தான் வைத்தியம் என்று நிபந்தனை வைப்பதும் அதே சட்டப்படி தவறு. ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாருக்கும் சொல்லாமல் பார்த்துவிடுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. அதை இந்தத் திட்டத்தோடு தயவுசெய்து கலந்துவிடாதீர்கள்.

அதனால் நாம் செய்வது இதுதான்: எல்லாரிடமும் கேட்பது, ஒப்புக்கொண்டவருக்கு மட்டும் செய்வது. 'எல்லாரிடமும்' என்ற சொல்லை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆளைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தால் லாரி டிரைவரிடம் கேட்போம், பேங்க் கிளார்க்கிடம் கேட்க மாட்டோம். தனியாக வந்த பெண்ணிடம் கேட்போம், தாலியும் பட்டுச்சேலையுமாகப் புருஷனோடு வந்த பெண்ணிடம் கேட்க மாட்டோம். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டிலேயே முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தில். அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்ட 'அவர்களுக்கு வருகிற வியாதி' என்ற நினைப்பு இன்னும் நம் தலையை விட்டுப் போகவில்லை. புருஷனைத் தவிர யாரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு அதற்குப் பிறகு வந்துவிட்டது. நம் கண்ணை நம்பாமல் வரிசையாகக் கேட்பதுதான் நோயாளிக்கும் மரியாதை.

கிட் வாங்குவதற்கு முன்னால்

முதல் வேலையாகப் பக்கத்து நம்பிக்கை மையத்துக்கு நேரில் போங்கள். தாலுகா அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, மதுரையில் பெரியாஸ்பத்திரியிலேயே இருக்கிறது, அங்கே ஏ.ஆர்.டி. மையமும் உண்டு. அங்குள்ள ஆலோசகரிடமும் லேப் டெக்னீஷியனிடமும் முகம் பார்த்துப் பேசுங்கள். எங்களிடம் கோடு விழுந்தவரை எந்த நேரத்தில் அனுப்பலாம், யாரைக் கேட்டு வரச் சொல்வது, வரிசையில் நிற்காமல் உள்ளே வர வழி உண்டா, அவர் வந்தாரா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் கிட்டோடு ஆரம்பித்தோம். முதலில் கோடு விழுந்தவரிடம் ஒரு சீட்டில் 'பெரியாஸ்பத்திரிக்குப் போகவும்' என்று எழுதிக் கொடுத்தோம். அவ்வளவு பெரிய வளாகத்தில், கோரிப்பாளையம் நெரிசலில் இறங்கி, யாரிடம் போய் 'எச்.ஐ.வி. பார்க்கிற இடம் எது' என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்பார்? அவர் போகவில்லை. அந்தச் சீட்டை எழுதியவள் நான்.

தனியார் ஆஸ்பத்திரி என்றால் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் மாவட்ட அலுவலர்களிடம் பேசுங்கள். தனியாரோடு சேர்ந்து பரிசோதனை மையம் நடத்தும் ஏற்பாடு தேசியத் திட்டத்திலேயே உண்டு. இடமும் ஆளும் உங்களுடையது, கிட்டும் பயிற்சியும் அவர்களிடமிருந்து என்ற மாதிரி. அரசு வழிகாட்டு நெறிகளுக்குள் வராமல் நாமாக ஒரு மூலையில் டெஸ்ட் பார்ப்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்ளாது.

அப்புறம் உங்கள் ஆட்கள். டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் மட்டும் அல்ல, வார்டு ஆயாக்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், பில் கவுண்டரில் இருக்கும் பெண், வாசல் செக்யூரிட்டி என்று எல்லாரையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசுங்கள். விஷயம் பெரும்பாலும் வெளியே போவது இவர்கள் வழியாகத்தான், அதுவும் கெட்ட எண்ணத்தில் இல்லை, "பாவம், அந்த மூணாம் பெட்காரருக்கு..." என்று இரக்கத்தில்தான். தொடுவதால், ஒரே டம்ளரில் குடிப்பதால், கக்கூஸால், கொசுவால் பரவாது என்பதை எழுத்துப் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள். இன்றைக்கு தினம் ஒரே மாத்திரை, அதில் மூன்று மருந்து: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். அரசு இலவசமாகத் தருகிறது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய நாளில், ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை ஒரு கட்டத்துக்குக் கீழே இறங்கியவருக்குத்தான் மருந்து. 2017 முதல் கண்டுபிடித்த உடனே எல்லாருக்கும் உண்டு. ஒழுங்காகச் சாப்பிட்டுக் கிருமி அளவு கணக்கில் தெரியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவில் மற்றவருக்குப் பரவாது. இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னபோது எங்கள் ஆயா அக்கா ஒருவர் "இத முன்னாடியே சொல்லிருந்தா எங்க ஊர்ல ஒரு புள்ள செத்துருக்காதே" என்றார். அன்றிலிருந்து எங்கள் இடத்தில் இந்த வேலைக்கு முதல் ஆதரவு அவர்தான்.

எந்த நேரத்தில், யாரிடம்

தமிழ்நாட்டு அரசு அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது பழக்கமாகிவிட்டது, பல தனியார் இடங்களிலும் அதே மாதிரிதான். சிவப்பில் இருப்பவரிடம் கேட்காதீர்கள், அங்கே உயிர்தான் வேலை. பச்சையிலும் மஞ்சளிலும் இருப்பவர் எப்படியும் எக்ஸ்-ரேக்காகவோ ரத்த ரிசல்ட்டுக்காகவோ டிரிப் முடியவோ காத்திருப்பார், அந்த இடைவெளிதான் நமக்கு. ரிசல்ட் இருபது நிமிஷம், பேச்சு ஐந்து பத்து நிமிஷம், அவருடைய மற்ற வேலை எதுவும் இதனால் ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போகக் கூடாது. தள்ளிப்போனால் டாக்டர்கள் ஒரு வாரத்தில் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஷிப்டுக்கு ஒருவர் பொறுப்பு என்று பெயர் சொல்லி வைத்துவிடுங்கள். "யாராவது கேட்டுக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் கேட்பதில்லை. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களிலும் சித்திரைத் திருவிழாக் கூட்டத்திலும் நாங்கள் இதை நிறுத்தியே வைப்போம். அந்த நாட்களில் தனியாகப் பேச ஒரு முழ இடம்கூடக் கிடைக்காது, பேச முடியாதபோது டெஸ்ட் பார்ப்பது தப்பு.

குடித்திருப்பவர், தலையில் அடிபட்டுத் தெளிவில்லாதவர், வலியில் துடிப்பவர், பூச்சி மருந்து குடித்துவிட்டு வந்தவர், இவர்களிடம் அப்போது கேட்க வேண்டாம். கேட்டால் தலையாட்டுவார்கள், அந்தத் தலையாட்டல் சம்மதம் ஆகாது. தெளிந்த பிறகு, வார்டுக்குப் போன பிறகு கேட்கலாம். போலீஸ் கூட்டிவந்தவர் என்றால் போலீஸ்காரர் வெளியே நின்றால்தான் பேச்சு. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும்.

கேட்கும் வார்த்தை

இதற்குத்தான் நாங்கள் அதிக நாள் எடுத்துக்கொண்டோம். முதலில் ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்த்து வாசித்தோம், பாதியிலேயே ஆட்கள் பயந்துவிட்டார்கள். கடைசியில் நின்றது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, எக்ஸ்-ரே வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். இங்க வர்ற பெரியவங்க எல்லார்ட்டயும் பி.பி., சுகர் மாதிரி எச்.ஐ.வி. டெஸ்ட்டும் பாத்துக்கிறீங்களான்னு கேக்குறோம். விரல்ல ஒரு குத்துதான், இருபது நிமிஷத்துல தெரிஞ்சுரும், காசு கிடையாது. ரிசல்ட் உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவோம். ஒருவேளை இருந்தாலும் இப்ப நல்ல மாத்திரை இருக்கு, இலவசம். வேண்டாம்னு சொன்னாலும் உங்க வைத்தியத்துல ஒண்ணும் குறையாது. பாத்துக்கலாமா?"

இதற்கு நாங்கள் அதிகம் கேட்ட பதில்: "என்னயப் பாத்தா அப்பிடியா தெரியுது சிஸ்டர்?" இங்கேதான் பதற்றத்தில் தப்பு நடக்கும். எங்களில் ஒருத்தி பக்கத்துப் பெட்டைக் காட்டி "அந்தத் தம்பிகூடப் பாத்துக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டாள்; நல்ல மனதோடுதான் சொன்னாள், ஆனால் அந்தத் தம்பியின் ரகசியத்தை நடுக் கூடத்தில் போட்டு உடைத்துவிட்டாள். யாரையும் காட்டாதீர்கள். "ஆளப் பாத்துக் கேக்குறதே இல்லைங்கய்யா, அதனாலதான் எல்லார்ட்டயும் கேக்குறோம். நானும் பாத்துக்கிட்டேன்" என்று சொல்லுங்கள், கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும். நான் பார்த்துக்கொண்டேன், அதற்குப் பிறகு என் குரலே மாறிவிட்டது. சக ஊழியர்களை இதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்களுக்கும் அதே சட்டம்தான்.

கூட வந்தவர்கள் இருக்கும்போது கேட்கவே கேட்காதீர்கள். ஓ.பி. சீட்டு போடவோ மருந்து வாங்கவோ அவர்களை அனுப்பிய பிறகு, திரையை இழுத்துவிட்டு, உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகள் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. துணித் திரை சத்தத்தைத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். எங்களுக்கு டிரெஸ்ஸிங் ரூமை ஒட்டிய ஸ்டோர் அறையில் இரண்டு ஸ்டூல் போட்ட பிறகுதான் நிம்மதி வந்தது.

"ஒரு வாரமா நெனச்சுக்கிட்டே இருந்தேன், யார்ட்ட கேக்குறதுன்னு தெரியல" என்று சொன்னவர்களும் உண்டு. வேண்டாம் என்கிறவரிடம் ஒரு தடவைக்கு மேல் வற்புறுத்தாதீர்கள். 1097 என்ற இலவச உதவி எண்ணைச் சொல்லி, நம்பிக்கை மையத்தில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொல்லி விட்டுவிடுங்கள். சம்மதத்தைத் தமிழில், அரைப் பக்கத்துக்கு மிகாமல் அச்சடித்து வையுங்கள், வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி அதைச் சொன்னவர் யார் என்று கையெழுத்துப் போடுங்கள். இருபது படிவம் அடங்கிய கேஸ் ஷீட் கட்டோடு சேர்த்து நீட்டி "எல்லாத்துலயும் ஒரு கையெழுத்து போடுங்க" என்று வாங்குவது சம்மதம் இல்லை.

கிட்

விரல் நுனி ரத்தத்தில் பார்க்கிற, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்ற, எச்.ஐ.வி. ஒன்று, எச்.ஐ.வி. இரண்டு என்ற இரண்டு வகைக் கிருமியையும் காட்டுகிற கிட்டாக இருக்கட்டும். சில கிட்டுகள் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டியவை, சில 30 டிகிரி வரை வெளியே தாங்கும். மதுரையில் சித்திரை வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது ஏ.சி. இல்லாத ஸ்டோரில் 'வெளியே தாங்கும்' கிட்டும் தாங்காது, அதனால் பிரிட்ஜும் தினம் இரண்டு வேளை வெப்பம் எழுதும் தாளும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த கிட்டை அறை வெப்பத்துக்கு வரும் வரை பிரிக்காமல் வைத்திருந்து, பிறகு பையைக் கிழித்து உடனே பயன்படுத்துங்கள். புது லாட் வந்தால், தெரிந்த பாசிட்டிவ், தெரிந்த நெகட்டிவ் மாதிரியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்கு.

குத்துவதில் பெரிய வித்தை இல்லை. மோதிர விரல் அல்லது நடுவிரல், ஸ்பிரிட் காய்ந்த பிறகு, நுனியின் பக்கவாட்டில் ஒரு குத்து, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டு, பிப்பெட்டில் கோடு வரை, பிறகு கரைசல் எத்தனை சொட்டு என்று அந்தக் கிட்டின் தாளில் உள்ளபடி. பட்டையில் நேரத்தை எழுதுங்கள், டைமர் வையுங்கள். கேஷுவாலிட்டியில் நடக்கிற தப்பு இதுதான்: போட்டுவிட்டு ஒரு 108 வண்டி வந்துவிடும், எல்லாரும் அதற்கு ஓடிவிடுவோம், ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஏதோ ஒரு கோடு தெரியும். தாளில் சொன்ன நேரம் தாண்டிய பட்டையை வாசிக்காதீர்கள், மன்னிப்புக் கேட்டு மறுபடி குத்துங்கள். டெஸ்ட் சரியாக வேலை செய்தது என்று காட்டும் 'சி' கோடு விழவில்லை என்றால் அந்த டெஸ்ட் செல்லாது. சோதனைக் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ரியாக்டிவ்தான், அதாவது தொற்று இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோடு விழாதபோதும் விழும்போதும்

கோடு விழாவிட்டால் இரண்டு நிமிஷப் பேச்சு போதும், ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள். கிருமி உடம்பில் புகுந்து, டெஸ்டில் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம், அதற்குள் ஆபத்தான தொடர்பு ஏதும் இருந்திருந்தால் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கடந்த மூன்று நாளுக்குள் நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க முடியும், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளாகி வந்தவர்களுக்கு இது எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காமல் நடக்க வேண்டிய வேலை. காய்ச்சல், தொண்டை வலி, உடம்பெல்லாம் தடிப்பு என்று வந்தவருக்குக் கோடு விழவில்லை என்பதால் முழுக்க நிம்மதி சொல்லிவிடாதீர்கள், அது தொற்றின் முதல் வாரங்களாகவும் இருக்கலாம்.

கோடு விழுந்தால் 'பாசிட்டிவ்' என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். நம் நாட்டில் பெரியவர்களில் 1000-க்குச் சுமார் 2 பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. 10,000 பேருக்குப் பார்த்தால் உண்மையில் இருப்பவர் 20 பேர். டெஸ்ட் 1000-க்கு 5 பேரிடம் தப்பாகக் கோடு காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், இல்லாத சுமார் 50 பேருக்கும் கோடு விழும். கோடு விழுந்த 70 பேரில் 50 பேருக்கு நோயே இல்லை. அதனால்தான் நம்பிக்கை மையத்தில் வேறு வேறு முறையில் இயங்கும் மூன்று கிட்டுகளில் பார்த்து, மூன்றும் ரியாக்டிவ் ஆனால்தான் முடிவு சொல்கிறார்கள். இந்தக் கணக்கை எங்கள் டூட்டி டாக்டர்களுக்குப் பேப்பரில் போட்டுக் காட்டிய பிறகுதான் கேஸ் ஷீட்டில் அவசரப்பட்டு எழுதுவது நின்றது.

நாங்கள் சொல்வது: "அக்கா, மொதல் டெஸ்ட்ல ஒரு கோடு காட்டுது. இத மட்டும் வச்சு இருக்குன்னு சொல்ல முடியாது, இன்னும் சில டெஸ்ட் வேற மாதிரி பாத்தாத்தான் தெரியும். அத நம்பிக்கை மையத்துல பாக்குறாங்க. நானோ இன்னொரு சிஸ்டரோ கூட வர்றோம்." சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். பேச வேண்டும் என்று நமக்குத் தோன்றும், அந்த அமைதி தாங்காது. ஆனாலும் அவர் முதலில் பேசட்டும். தண்ணீர் கொடுங்கள். "வீட்ல யார்ட்டயாவது சொல்லணுமா" என்று கேட்டால், முடிவு வரும் வரை யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போய் தனியாக இருக்கப் போகிறாரா, மனதில் வேறு ஏதாவது ஓடுகிறதா என்று நேராகவே கேளுங்கள். பயமாக இருந்தால் அன்றிரவு வார்டிலேயே இருக்கச் சொல்ல டாக்டரிடம் பேசுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கோடு விழுந்தால் மையம் மூடியிருக்கும். எங்கள் வழி: காயமோ காய்ச்சலோ எதற்காக வந்தாரோ அதற்கே காலை வரை அப்சர்வேஷனில் வைத்திருக்கும் நிலைமை என்றால் காலையில் நாங்களே கூட்டிப்போவோம். வீட்டுக்குப் போகிறவர் என்றால் அவர் மட்டும் எடுக்கும் போன் நம்பரா என்று கேட்டு வாங்கிக்கொண்டு, போன் பண்ணினால் எந்தப் பெயர் சொல்லிப் பேச வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்வோம். ஒரு அண்ணன் "தையக்கடையிலருந்து பேசுறேன்னு சொல்லுங்க" என்றார், அப்படியே பேசினோம். மூன்று நாளில் வரவில்லை என்றால் ஒரு போன், ஒரு வாரத்தில் இன்னொன்று. வேறு யாராவது எடுத்தால் வைத்துவிட வேண்டியதுதான்.

உறுதியான பிறகு மாத்திரையைத் தொடங்குவது ஏ.ஆர்.டி. மையத்தின் வேலை. கேஷுவாலிட்டியிலேயே தொடங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் மூளைக்காய்ச்சல் மாதிரி சில நோய்கள் உள்ளே இருந்தால் கூட்டு மருந்தைக் கொஞ்சம் தள்ளித்தான் தொடங்க வேண்டும், டி.பி. இருக்கிறதா என்றும் முதலில் பார்க்க வேண்டும். அவசரம் காட்ட வேண்டியது கூட்டிப்போவதில்.

பேப்பரும் பில்லும்

ரிசல்ட்டை எங்கே எழுதுவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். தனி ரிஜிஸ்டர், பூட்டுப் போட்ட மேஜை, சாவி இரண்டு பேரிடம் மட்டும். விபத்துப் பதிவேட்டில் எழுதக் கூடாது, அதன் நகல் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் போகும். கேஸ் ஷீட் அட்டையில் ஸ்டிக்கர், சிவப்பு மை, மூலையில் ஒரு எழுத்து என்று எந்த அடையாளமும் வேண்டாம். ஊழியருக்கு மட்டும் தெரியும் என்று நினைப்போம், ஒரு வாரத்தில் வாட்ச்மேனுக்குத் தெரிந்துவிடும். பில்லில் ஒரு வரியாக 'எச்.ஐ.வி. டெஸ்ட்' என்று விழுந்தால் அதைக் கட்ட வருவது மச்சானோ மாமனாரோதான். இலவசமாகச் செய்வதற்கு இதுவே போதுமான காரணம். டிஸ்சார்ஜ் கவரில் இந்த ரிப்போர்ட் ஒருபோதும் போகக் கூடாது. மனைவிக்கு, கணவருக்குச் சொல்வது பற்றிச் சட்டத்தில் தனி விதிகள் இருக்கின்றன, அதை ஆலோசகரும் டாக்டரும் பார்த்துக்கொள்வார்கள், கேஷுவாலிட்டியில் யாரும் தன் இஷ்டத்துக்குச் செய்ய வேண்டாம்.

ஊசி குத்திவிடும் பயம்

"யாருக்கு இருக்குன்னு தெரிஞ்சா நாங்க ஜாக்கிரதையா இருப்போம்ல" என்று நர்ஸ்கள் சொல்வார்கள். நானும் சொன்னவள்தான். ஆனால் தொற்றின் முதல் மூன்று மாதத்தில் உள்ளவருக்கு டெஸ்ட் ஒன்றும் காட்டாமல் போகலாம், மஞ்சள் காமாலைக் கிருமி எந்த டெஸ்டும் பார்க்காமல் ரத்தத்தில் இருக்கும், அதனால் எல்லார் ரத்தத்துக்கும் ஒரே கையுறை, ஒரே ஜாக்கிரதைதான். சிகிச்சையில் இல்லாத ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 1000-க்கு 3 அளவு. உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் முதல் டோஸ், பிறகு 28 நாள். அந்த மருந்தில் ஒரு பாட்டிலாவது கேஷுவாலிட்டி அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டும், பார்மஸி காலையில்தான் திறக்கும் என்ற பதில் யாருக்கும் வரக் கூடாது. குத்திய ஊசி யாருடையதோ அவருக்கும் சம்மதம் கேட்டுத்தான் பார்க்கலாம்.

எங்கும் பதியாமல், ஒரு ஸ்கேன்கூடப் பார்க்காமல், வலி எடுத்த பிறகு ராத்திரி நேராக வந்து இறங்கும் கர்ப்பிணிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் வாய்ப்பு 100-க்கு 15 முதல் 45 வரை, சரியான சிகிச்சை இருந்தால் 5-க்கும் கீழே. வலி விட்டு வரும் இடைவெளியில், "தாயி, புள்ளைக்காக ஒரு டெஸ்ட் பாத்துருவமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் என்ற பால்வினை நோயும் ஒரே பட்டையில் காட்டும் கிட் உண்டு, பிரசவ அறைக்கு அதையே வையுங்கள்.

ஆரம்பிக்கும்போது மூன்று ஷிப்டையும் எடுக்காதீர்கள். காலை ஷிப்ட் மட்டும், அதுவும் திங்கள் முதல் வெள்ளி வரை, ஒரு மாதம். அந்த நேரத்தில் நம்பிக்கை மையம் திறந்திருக்கும், கோடு விழுந்தவரை அன்றைக்கே கூட்டிப்போகலாம். ஒரு நோட்டில் தினம் நாலு எண் எழுதுங்கள்: எத்தனை பேரிடம் கேட்டோம், எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள், எத்தனை பேருக்குக் கோடு விழுந்தது, அதில் எத்தனை பேர் மையத்துக்குப் போய் முடிவு தெரிந்துகொண்டார்கள். மூன்றாவது எண்ணும் நாலாவது எண்ணும் ஒன்றாக இல்லாத வாரத்தில் புதிதாக யாரிடமும் கேட்காமல், விட்டுப்போன அந்த ஆளைத் தேடுங்கள். எங்கள் நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு வித்தியாசம் இன்னும் அப்படியே இருக்கிறது, நான் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியவர். அவர் கொடுத்த நம்பருக்கு இப்போதும் மாதம் ஒரு தடவை போன் பண்ணுகிறேன்.